11 ஏரிகள், 5 நாள்கள்: வட மின்னசோட்டாவில் ஒரு தூண்டில் பயணம்

பின்னணி

2022 ஜூலையில் சிகாகோவிலிருந்து ஐந்து பேர் வட மின்னசோட்டாவுக்கு மீன்பிடிக்கப் போனோம். அண்ணனும் தம்பியுமாகச் சகோதரர் இருவர். தம்பியின் 13 வயது மகன். தம்பியின் மாமனார். தம்பியின் நண்பன் என்ற முறையில் நான். பயணத்தைத் திட்டமிட்டதும் படகை ஓட்டியதும் நான் என்பதால், இதில் வரும் தவறான முடிவுகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

மாமனாருக்கு 68 வயது. மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க ஊரிலிருந்து வந்திருந்தார். கண்மாய்க்கரையில் வளர்ந்தவர், தூண்டில் அவருக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். அண்ணனும் தம்பியும் சிகாகோவைச் சுற்றியுள்ள குளங்களில் சில ஆண்டுகளாகத் தூண்டில் போடுபவர்கள். பெரிய ஏரியில் படகு ஓட்டிய அனுபவம் எனக்கு மட்டும்தான், அதுவும் கொஞ்சம். தெரிந்தவர் ஒருவர் 17 அடி அலுமினியப் படகையும் ட்ரெய்லரையும் இரவல் தந்தார்.

மின்னசோட்டாவை 10,000 ஏரிகளின் நாடு என்பார்கள். அங்குள்ள வண்டிகளின் எண் பலகையிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842. இந்த எண்ணைக் கேட்டு எழுந்த ஆசைதான் எங்கள் திட்டத்தின் முதல் பிழைக்குக் காரணம்.

முதல் திட்டம்: ஜனவரி

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் வரைபடத்தை விரித்து 11 ஏரிகளைக் குறித்தோம். லீச், வின்னிபிகோஷிஷ், காஸ், பெமிட்ஜி, ரெட் ஆகியவை பெரியவை. மீதி ஆறும் சின்ன ஏரிகள். ஐந்து நாள்கள் தூண்டில் போடுவது, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஒரு நாள் மட்டும் மூன்று என்று கணக்குப் போட்டோம். ஒன்றில் மீன் கடிக்காவிட்டால் அடுத்ததில் கடிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. எண்ணிக்கை கூடக்கூட வாய்ப்பும் கூடும் என்று நினைத்தோம்.

ஏரிகளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆதாரம் படங்களும் மீன் கிடைத்த செய்திகளும்தான். பிறகு தேதிகளைப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை மே மாதத்தவை என்று தெரிந்தது. அங்கே வால்ஐ எனும் நன்னீர் மீனுக்கான பருவம் மே மாதத்தில் திறக்கிறது. பனிக்கட்டி உருகியதும் முட்டையிட்டுவிட்டு, அந்த மீன்கள் கரையோர ஆழமற்ற நீரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் காலம் அது. நாங்கள் போகவிருந்ததோ ஜூலையில். அதே ஏரி, அதே மீன். ஆனால் நிற்கும் இடம் வேறு, இரை தேடும் நேரமும் வேறு. மே மாதச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஜூலைக்குத் திட்டம் போட்டிருந்தோம்.

திட்டத்தைச் சுருக்கியது: ஏப்ரல் முதல் ஜூன் வரை

ஏப்ரலில் மின்னசோட்டாவின் மீன்பிடி விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். மூன்று விஷயங்கள் உடனே மாறின.

ரெட் ஏரி இரண்டு பகுதிகளால் ஆனது. கீழ் ரெட் முழுவதும், மேல் ரெட்டின் மேற்குப் பகுதியும் ரெட் லேக் பழங்குடியினரின் நிலத்துக்குள் இருப்பவை. வெளியாட்களுக்கு அப்போது அங்கே மீன்பிடிக்க அனுமதி இல்லை. வரைபடத்தில் நாங்கள் வட்டமிட்டிருந்த இடம் கீழ் ரெட். 1990களில் அந்த ஏரியின் வால்ஐ வளமே அளவுமீறிப் பிடித்ததால் சரிந்து, மீன்பிடிப்பை நிறுத்தி, மீட்டு, 2006இல்தான் மறுபடி திறந்தார்கள். இந்த வரலாற்றைப் படித்த பிறகு விதிப்புத்தகத்தை நான் பார்த்த விதமே மாறியது என்று சொல்ல வேண்டும். எந்த நீள மீனை விட வேண்டும் என்று சொல்லும் அங்குல அளவுகளுக்குப் பின்னால் ஏதோ ஓர் ஏரி ஒருமுறை காலியான கதை இருக்கிறது.

இரண்டாவது, இரை. சிகாகோவிலிருந்தே உயிருள்ள சிறுமீன்களை வாளியில் எடுத்துப்போக அண்ணன் எண்ணியிருந்தார். வெளி மாநிலத்திலிருந்து அவற்றை மின்னசோட்டாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. அங்கேயே அட்டைப்பூச்சி வாங்கிக்கொள்வது என்று முடிவானது. கோடையில் வால்ஐ மீனுக்கு அட்டை நல்ல இரையும்கூட.

மூன்றாவது, உரிமம். பெரியவர்கள் நால்வருக்கும் வெளிமாநிலத்தாருக்கான ஏழு நாள் உரிமம். 16 வயதுக்குக் கீழ் உள்ள பையனுக்கு, அப்பாவிடம் உரிமம் இருப்பதால் தனியாக வேண்டியதில்லை. ஆனால் அவன் வைத்துக்கொள்ளும் மீன் அப்பாவின் கணக்கில் சேரும். கோடையில் ஒருவருக்கு ஒரு தூண்டில் மட்டுமே. மாமனாருக்கு இது வியப்பாக இருந்தது. ஊரில் அவர் கரையில் நாலைந்து தூண்டில்களை வரிசையாக ஊன்றிவிட்டு உட்காருபவர்.

ஜூன் மாதம் நான் நேரக் கணக்கு ஒன்றை எழுதிப் பார்த்தேன். படகை நீரிலிருந்து ஏற்ற, துடைக்க, நீர் வடிக்க, அடுத்த ஏரிக்கு ஓட்ட, வரிசையில் நின்று மறுபடி இறக்க என்று ஓர் இடமாற்றத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 11 ஏரிகள் என்றால் வால்ஐ கடிக்கும் அந்தி நேரங்களில் பாதியைச் சாலையில் கழித்திருப்போம்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அதன் முழுப் பொருளும் அப்போது எனக்கு எட்டவில்லை. வின்னிபிகோஷிஷ், காஸ், லீச் மூன்றுமே ஸீப்ரா மஸ்ஸல் எனும் வரிச்சிப்பி பரவிய ஏரிகள். அந்தச் சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோப்பைத் தண்ணீரிலேயே பயணம் செய்யும். ஆகவே ஏரியைவிட்டு ஏறும்போது படகின் அடியில் நீர் வடிவதற்கான துளையை அடைக்கும் ட்ரெயின் ப்ளக்கைக் கழற்றி, கழற்றிய நிலையிலேயே வண்டியை ஓட்ட வேண்டும். பாசி, செடி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. இரைவாளியில் ஏரித் தண்ணீர் இருக்கக் கூடாது. இவை சட்டம். இதற்கு மேல், அடுத்த ஏரியில் இறக்கும் முன் படகை ஐந்து நாளாவது உலர விடுங்கள், அல்லது நன்றாகச் சூடான நீரால் கழுவுங்கள் என்பது மாநிலத்தின் அறிவுரை. எங்கள் மொத்தப் பயணமே ஐந்து நாள். சரியாக உலர்த்துபவர் அந்த ஐந்து நாளில் ஒரே ஓர் ஏரிக்குத்தான் போக முடியும்.

இதை நான் சொன்னபோது, இவ்வளவு தூரம் போய் ஒரே ஏரியா என்று தம்பி கேட்டார். ஏறத்தாழ 600 மைல் ஓட்டிப்போகிறோம், கேள்வி நியாயம்தான். பேசிப் பேசி 11 ஐந்தாகக் குறைந்தது. வின்னி (வின்னிபிகோஷிஷின் சுருக்கம்), காஸ், லீச், இடையே இரண்டு சின்ன ஏரிகள். அது சமரசம், முடிவு என்று சொல்ல முடியாது. ஏரிகளின் எண்ணிக்கை குறைந்ததே தவிர, எண்ணிக்கையை வைத்துத் திட்டம் போடும் பழக்கம் அப்படியே இருந்தது.

முதல் நாள் காலை: வின்னிபிகோஷிஷ்

ஞாயிறு விடியலில் வின்னியில் இறங்கினோம். ஏரி கண்ணாடிபோல இருந்தது. மேல்மட்ட நீரின் வெப்பம் 75 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 24 செல்சியஸ். கோடையில் மீன் ஆழத்துக்குப் போகும் என்ற பொதுவான பாடத்தை மனத்தில் வைத்து, நடு ஏரியிலிருந்த மேடு ஒன்றின் சரிவுக்குப் படகைச் செலுத்தினேன். நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் திரையில் 34 அடி ஆழத்தில் கோடுகள் தெரிந்தன. ஈயக்குண்டு கட்டிய முள்ளில் அட்டையைக் கோத்துத் தங்கூஸை நேராக இறக்கினோம்.

இரண்டரை மணி நேரத்தில் ஏழு வால்ஐ. முதல் இரண்டும் 18 அங்குலத்துக்குள் இருந்தன, வைத்துக்கொண்டோம். அடுத்த ஐந்தும் 18க்கும் 23க்கும் இடையில். அந்த ஆண்டின் விதிப்படி வின்னியில் அந்த அளவு மீனை உடனே நீரில் விட்டுவிட வேண்டும். முட்டையிடும் வயதிலுள்ள மீன்களைக் காப்பாற்றுவதற்கான விதி அது.

விட்டோம். ஐந்தில் இரண்டு மீன்கள்தான் உள்ளே போயின. மூன்று மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. கண்கள் பிதுங்கியிருந்தன, ஒன்றின் வாய்க்குள்ளிருந்து இரைப்பை வெளியே தள்ளியிருந்தது.

காரணம் நீரழுத்தம். நன்னீரில் ஏறக்குறைய ஒவ்வொரு 34 அடி ஆழத்துக்கும் காற்றழுத்தத்துக்குச் சமமான இன்னொரு அழுத்தம் சேர்கிறது. 34 அடியிலிருக்கும் மீனை மேலே இழுத்தால் அதன் காற்றுப்பை ஏறக்குறைய இருமடங்காக உப்பும். நார்தர்ன் பைக், ட்ரௌட் போன்ற மீன்களின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் ஒன்று உண்டு. காற்றை வெளியே விட்டுவிடும். வால்ஐ, பெர்ச், பாஸ் மீன்களுக்கு அந்த வழி இல்லை. இரத்தத்தின் வழியாக மெல்லத்தான் காற்று குறையும். அதற்குள் மேலேயுள்ள வெந்நீரும் வெயிலும் கழுகும் முந்திக்கொள்கின்றன. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கும் வழியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். பழகாத கையால் செய்தால் உள்ளுறுப்பில்தான் குத்தும் என்பதால் தொடவில்லை.

மாமனார் மிதக்கும் மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சாகப்போற மீனத் திருப்பி விடச் சொல்றது என்ன சட்டம் தம்பி? எடுத்துக் குழம்பு வச்சாலாவது அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்."

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. சட்டம் அப்படி மாமா, செத்ததை எடுத்தாலும் தப்புதான் என்று மட்டும் சொன்னேன். இரவு யோசித்தபோதுதான் புரிந்தது. செத்த மீனை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தால், பெரிய மீன் எல்லாமே "செத்துப்போனது" ஆகிவிடும். மீன் பிழைக்குமா என்பதை மேலே வந்த பிறகு சட்டத்தால் தீர்மானிக்க முடியாது. தூண்டிலை இறக்கும் முன் பிடிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். விட்டாக வேண்டிய அளவு மீன் நிற்கும் இடம், விட்டால் பிழைக்காத ஆழம், இரண்டும் சேர்ந்தால் அங்கே தூண்டில் போடவே கூடாது. அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் அது சட்டத்திடம் கேட்க வேண்டியதல்ல, நான் தேர்ந்த இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது.

முதல் மீன் மிதந்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாவது மிதக்கும் வரை, ஏறக்குறைய நாற்பது நிமிடம், தொடர்ந்தோம். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போது கை நிற்பதில்லை. எல்லோரையும் தூண்டிலைச் சுருட்டச் சொன்னது பையன். "அப்பா, போதும்" என்றான். அந்த மூன்று மீன்கள் இன்றும் மனத்தைவிட்டுப் போகவில்லை.

அதே நாள்: காற்று

வானிலை அறிவிப்பில் மதியத்துக்குமேல் வடமேற்குக் காற்று மணிக்கு 15 முதல் 20 மைல் என்று இருந்தது. படித்திருந்தேன். மதியத்துக்கு முன் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். காற்று பதினொன்றுக்கு முன்பே வந்துவிட்டது.

வின்னி அகலமான ஏரி. நடுவில் தடுக்க ஒரு தீவுகூடக் கிடையாது. அந்தப் பரப்பில் காற்று ஓடிவர ஓடிவர அலை வளர்ந்துகொண்டே போகும். நாங்கள் ஏறிய கரை காற்று வரும் திசையில், மூன்று மைலுக்கு மேல். 17 அடிப் படகில் ஐந்து பேர், நாள் முழுவதற்குமான சாமான். படகின் பலகையில் எழுதியிருக்கும் எடைக்குள்தான் இருந்தோம். ஆனால் அது அமைதியான நீருக்கு ஒத்துவரும் அளவு என்பதை முன்பக்கம் அலைக்குள் இறங்கியபோது உணர்ந்தேன். இரண்டு முறை தண்ணீர் உள்ளே விழுந்தது. எல்லோரும் உயிர்காப்பு உடை அணிந்திருந்தோம். சட்டம் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத்தான் கட்டாயப்படுத்துகிறது. பெரியவர்களும் போட்டிருந்ததற்குக் காரணம், கிளம்பும்போது தம்பியின் மனைவி வாங்கிய சத்தியம்.

ஏறிய கரைக்கே போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டேன். பக்கவாட்டில் காற்றுக்கு மறைவாக இருந்த கரை கிட்டத்தில் தெரிந்தது. அலையைக் குறுக்காக வாங்காமல் சாய்வாக வாங்கி, மெதுவாக அங்கே போய் ஒதுங்கினோம். இரண்டரை மணி நேரம் மரங்களுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். மழையாடை கொண்டுவந்தவர்கள் இருவர்தான். நனைந்திருந்த மாமனார், ஜூலை மாதத்திலேயே நடுங்கினார். அந்த நாளின் சரியான முடிவு இந்த ஒதுங்கல் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதையும் அரை மணி நேரம் முன்பே எடுத்திருக்கலாம்.

இரண்டாம் நாள்: திரும்பிய படகு

திங்கள் காலை சின்ன ஏரி ஒன்றுக்குப் போனோம். வரிச்சிப்பி இன்னும் வராத ஏரி அது. படகு இறக்கும் சரிவில் பரிசோதகர் ஒருவர் நின்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நேற்று வின்னி என்றோம். ட்ரெயின் ப்ளக் கழற்றித்தான் இருந்தது. ஆனால் ட்ரெய்லரின் உருளையில் ஒரு விரல் நீளச் செடி சுற்றியிருந்தது. இரைவாளியைத் திறந்து பார்த்தார். அட்டைகள் வாடாமல் இருக்கட்டும் என்று முந்தைய நாள் பையன் ஏரித் தண்ணீரை மாற்றி ஊற்றியிருந்தான். நல்ல எண்ணத்தில் செய்தது. அவனுக்கு இந்த விதியை நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அவர் கடிந்துகொள்ளவில்லை. வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றவைத்தார், அட்டைகளைக் குப்பைத்தொட்டியில் போடவைத்தார், செடியை எடுக்கச் சொன்னார். படகின் உள்ளே கைவிட்டுப் பார்த்து, இன்னும் ஈரம் இருக்கிறது, நேற்று சிப்பி ஏரியில் இருந்த படகு என்று மட்டும் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். இறக்குவதும் இறக்காததும் எங்கள் கையில் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

வண்டியைத் திருப்பினோம். யாரும் வாதாடவில்லை. வரும் வழியில் பையன் மட்டும், அந்தத் தண்ணீரை அங்கே ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான். ஒன்றும் ஆகாமலும் போகலாம், அந்த ஏரியே மாறியும் போகலாம், ஒருமுறை வந்துவிட்டால் அந்தச் சிப்பியை ஏரியிலிருந்து எடுக்க வழியில்லை என்று அவன் அப்பா சொன்னார்.

அன்று மதியம் எடுத்த முடிவு

தங்கியிருந்த குடிலின் மேசையில் வரைபடத்தை மறுபடி விரித்தோம். இந்த முறை ஏரிகளின் பெயரைப் பார்க்கவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தோம்.

மிசிசிப்பி ஆறு இடாஸ்கா ஏரியில் தொடங்கி, முதலில் வடக்கே போய், பெமிட்ஜி ஏரியைத் தாண்டிக் கிழக்கே திரும்புகிறது. வுல்ஃப், ஆண்ட்ரூசியா, காஸ் என்று ஏரிகளை நூலில் மணி கோத்ததுபோலக் கோத்துக்கொண்டு ஓடுகிறது. கிட்சி, பைக் பே போன்றவையும் காஸுடன் இணைந்தவை. காஸின் கடைசியில் நட்சன் அணை இருப்பதால் அதற்குக் கீழே வின்னிக்குப் படகில் போக முடியாது. ஆனால் இந்தச் சங்கிலிக்குள் ஒருமுறை படகை இறக்கிவிட்டால், ட்ரெய்லரைத் தொடாமலேயே ஏரிக்கு ஏரி போகலாம். காஸும் சிப்பி பரவிய ஏரிதான் என்பதால், வின்னியில் நனைந்த படகால் புதிதாகச் சிப்பியைக் கொண்டுபோகும் அச்சமும் குறைவு. ஆனாலும் எதிலிருந்து எதற்கு என்பதை வைத்துத் துடைப்பதா வேண்டாமா என்று நாங்களே முடிவுகட்டக் கூடாது என்பதால், அன்று மாலை சூடான நீரால் படகின் உள்ளும் புறமும், ட்ரெய்லரையும் நங்கூரக் கயிற்றையும் கழுவினோம். முழுதாக ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

மீதி மூன்று நாளும் இந்தச் சங்கிலி மட்டும் என்று முடிவு செய்தோம். லீச்சையும் இரண்டாவது சின்ன ஏரியையும் விட்டோம். லீச்சை விட அண்ணனுக்கு மனமே இல்லை. பயணம் முடியும் வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே நான்கு விதிகளை எழுதி ஒட்டினோம். 25 அடிக்குக் கீழே தூண்டில் இறக்குவதில்லை. ஒரு நேரத்தில் படகில் மூன்று பேர்தான்; மற்ற இருவர் கரையில் அல்லது துறையில். வெண்ணுரை தலைகாட்டினால் எந்தக் கரை கிட்டமோ அந்தக் கரை. வாளித் தண்ணீரை மாற்றுவது என்றால் குழாய் நீர்.

மாநில இயற்கை வளத் துறையின் லேக்ஃபைண்டர் பக்கத்தில் ஏரிகளின் ஆழ வரைபடங்களும், வலை போட்டு எடுத்த கணக்கெடுப்பு முடிவுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜனவரியிலேயே அதைத் திறந்திருக்க வேண்டும். அன்றுதான் முதன்முறையாக ஒரு மணி நேரம் அதை ஆற அமர்ந்து பார்த்தோம். ஒரு படம் ஓர் ஏரியில் ஒரு மீன் இருந்ததைத்தான் காட்டும். ஆழ வரைபடமோ எங்கே சரிவு, எங்கே திட்டு, எங்கே செடி வளரும் ஆழம் என்று ஏரியையே காட்டுகிறது.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை

செவ்வாய்க்கிழமை விடியலில் காஸில் இறங்கினோம். ஏழெட்டு அடி ஆழத்தில் அகன்ற இலைச் செடிகள் முடியும் ஓரம். அதைத் தாண்டி 15 அடிக்குச் சரிவு. அந்த ஓரத்தில் தக்கை கட்டி அட்டையைத் தொங்கவிட்டோம். முதல் ஒரு மணி நேரம் சின்னப் பெர்ச்சுகள் மட்டும்.

மாமனார்தான் இடத்தை மாற்றச் சொன்னார். "காத்து எந்தக் கரையப் பாத்து அடிக்குதோ அங்கதான் பொடி மீன் ஒதுங்கும். பொடி மீன் ஒதுங்குற எடத்துக்குப் பெரிய மீன் வராம இருக்காது." கண்மாயில் கற்றது. மெல்லிய காற்று தென்கிழக்குக் கரையில் அலை தட்டிக்கொண்டிருந்தது, அங்கே போனோம். அலை கலக்கிய நீருக்குள் வெளிச்சம் குறைவு. வால்ஐ மீனின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு; மங்கலில் அதற்குக் கண் தெரியும், அதன் இரைக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் மூன்று வால்ஐ கிடைத்தன. எல்லாம் 12 அடிக்குள். விட்டவை வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு உள்ளே போயின.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரியாக வந்தது என்று சொல்ல முடியாது. நடுப்பகலில் ஓடைவாயில் போட்டால் கண்டிப்பாகக் கடிக்கும் என்று மறுநாள் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார். ஒரு நார்தர்ன் பைக் தவிர ஒன்றும் இல்லை. அது 24 அங்குலம். அந்தப் பகுதியில் 22 முதல் 26 அங்குலம் வரையுள்ள பைக்கை விட்டுவிட வேண்டும். விட்டார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, அது நீந்திப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடியலில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டதால் நடுப்பகல் காலியாக இருந்தது. அந்த நேரம் இப்படி உதவும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. காஸ் ஏரிக்குள் ஸ்டார் தீவு இருக்கிறது. அந்தத் தீவுக்குள் விண்டிகோ என்று ஓர் ஏரி இருக்கிறது. ஏரிக்குள் தீவு, தீவுக்குள் ஏரி. வரைபடத்தில் இதைக் கண்டுபிடித்தது பையன். புதன்கிழமை மதியம் இரண்டு நடையாகத் தீவில் எல்லோரையும் இறக்கி, காட்டுப்பாதையில் நடந்து போய்ப் பார்த்தோம். தூண்டிலைக் கொண்டுபோகவில்லை. லூன் பறவை ஒன்று நடுவில் மிதந்துகொண்டிருந்தது. மின்னசோட்டாவின் மாநிலப் பறவை அது. உடைந்து விழுந்த ஈயக்குண்டுகளைக் கூழாங்கல்லோடு விழுங்கி நஞ்சேறிச் சாகும் பறவைகளில் அதுவும் ஒன்று. எங்கள் பெட்டியிலிருந்தவை எல்லாம் ஈயம். ஈயம் இல்லாத குண்டுகள் கிடைக்கின்றன. திட்டமிடும்போது அந்த எண்ணமே எழவில்லை.

வியாழன் மாலை ஆண்ட்ரூசியாவில் காற்று எழுந்தது. வெண்ணுரை தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் கிட்டத்திலிருந்த கரைக்குப் போனோம். முக்கால் மணி நேரத்தில் அடங்கியது. அதன் பிறகு கிடைத்த 40 நிமிடத்தில்தான் பயணத்தின் பெரிய வால்ஐ வந்தது, பையனின் தூண்டிலில். அளந்து, பிடித்தபடி ஒரு படம் எடுத்துவிட்டு, அவனே விட்டுவிட்டான்.

விளைவு

ஐந்து பேர், ஐந்து நாள்: வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒன்பது வால்ஐயும் கொஞ்சம் பெர்ச்சும். அனுமதித்த அளவில் பாதிக்கும் கீழே. இவற்றில் ஏழு வால்ஐ கடைசி மூன்று நாளில் வந்தவை. காஸ் சங்கிலியில் விட்ட 20க்கும் மேற்பட்ட மீன்களில் மிதந்தது ஒன்றுகூட இல்லை. முள்ளை ஆழமாக விழுங்கிய ஒன்றிரண்டு பின்னால் செத்திருக்கலாம். தங்கூஸை முள்ளருகே வெட்டித்தான் விட்டோம்.

ஊருக்குத் திரும்பியதும் படகை ப்ளக் கழற்றிய நிலையில் தம்பி வீட்டு முற்றத்தில் நிறுத்தினோம். உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமையே கேட்டார். ஐந்து நாள் உலர வேண்டும், வியாழன்தான் தர முடியும் என்றோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. காரணத்தைச் சொன்ன பிறகு சரி என்றார்.

மறுபடி போனால் மாற்றுபவை

திட்டத்தின் முதல் கேள்வியே வேறாக இருக்கும். எத்தனை ஏரி என்று கேட்டுத் தொடங்கினோம். அந்தத் தேதியில், அந்த வெப்பத்தில், நாங்கள் பிடிக்க நினைக்கும் மீன் எவ்வளவு ஆழத்தில் இருக்கும், அங்கிருந்து எடுத்து விட்டால் பிழைக்குமா என்பதிலிருந்து தொடங்கியிருந்தால் ஏரிகள் தாமாகவே குறைந்திருக்கும். ஒன்றோடொன்று இணைந்த ஏரிகளை முதலில் தேடுவோம். இணையாத ஏரி ஒன்று வேண்டும் என்றால் அதைப் பயணத்தின் முதல் நாளில், உலர்ந்த படகோடு, சிப்பி இல்லாத ஏரியாக வைப்போம். சிப்பி ஏரி அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றியது எங்கள் திட்டத்தில் இருந்த மோசமான பிழை, காற்றைவிட மோசமானது என்றே நினைக்கிறேன். காற்றால் பாதிப்பு வந்திருந்தால் அது எங்களோடு போயிருக்கும்.

பெரிய ஏரிக்கு என்று தனி நாள் குறிக்க மாட்டோம். காற்றில்லாத நாள் வந்தால் பெரிய ஏரி, வராவிட்டால் இல்லை. அதற்காக ஒவ்வோர் இரவும் மணிவாரியான காற்று அறிவிப்பைப் பார்த்து மறுநாளை முடிவு செய்வோம். மழையாடை ஆளுக்கொன்று. விதிகளைப் பையனுக்கும் மாமனாருக்கும் கிளம்பும் முன்பே உட்கார்ந்து படித்துக்காட்டுவோம். வாளிக்குக் குழாய்நீர் என்பதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் அந்தத் திங்கள்கிழமை பையன் அப்படித் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டான். ஈயத்தை வாங்குவதில்லை.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. ஆழம் குறைவான திட்டுகள் வின்னியில் எத்தனையோ உண்டு, அங்கே மட்டும் தூண்டில் போட்டால் மறுபடி போகலாம் என்கிறார் அண்ணன். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போது 25 அடிக் கோட்டில் நிற்போம் என்று எனக்கு உறுதியில்லை. அதனால் அடுத்த முறை நானாகத் திட்டமிட்டால் வின்னி இருக்காது. ஊருக்குத் திரும்பிய மாமனார் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கேட்பது வேறு ஒன்றை: அந்தச் சின்ன ஏரியில் சிப்பி வந்துவிட்டதா என்று. நான் ஒவ்வொரு முறையும் மாநிலப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். இதுவரை இல்லை.